கட் சொல்லும்வரை

நான் இதுவரை பதினோரு முறை செத்திருக்கிறேன். விஷம் குடித்து இரண்டு முறை, மாடிப்படியில் உருண்டு ஒரு முறை, லாரியில் அடிபட்டு ஒரு முறை, சினிமாவில் இருந்த காலத்தில் பாம்பு கடித்து ஒரு முறை. மற்றதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்ததுதான். சீரியலில் மாமியார்கள் பெரும்பாலும் அப்படித்தான் போய்ச் சேருவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கடைசி ஷாட் முடிந்ததும் கேமராவை இன்னொரு தடவை ஓடவிடுவார்கள். படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். போட்டோவுக்கு மாலை போடும் காட்சி என்றாலும் இதேதான். அது எந்த எபிசோடிலும் வராது, யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் சாமியே இல்லை என்று மேடையில் முழங்கும் இயக்குநர்கூட அந்தச் சிரிப்பு ஷாட்டை எடுக்காமல் பேக்கப் சொல்ல மாட்டார். நான் அதை எப்போதும் கேலி செய்வேன். கேலி செய்துகொண்டே ஒழுங்காக எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுவேன்.

பத்து முறை சிரித்தேன். பதினோராவது முறை சிரிக்கவில்லை. அது போன வருஷம், கொல்லிமலையில்.

அந்த மலை எனக்குப் புதிதல்ல. அதன் அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கம்தான் நான் பிறந்தேன். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு இருந்தது. பத்தொன்பது வயதில், ரவிக்கை தைக்கக் கொடுக்க ராசிபுரம் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, சேலம் போய் அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறினேன். அப்பாவிடம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. அவர் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வேலி ஓரமாகக் குனிந்து நடந்துபோனேன். நடிக்கப் போயிருக்கிறேன் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கிணற்றில் இறங்கி மூன்று முறை முங்கி எழுந்து, ஈரத்தோடு நின்று, "என்ற பெரிய மக செத்துட்டா" என்று ஊருக்குச் சொன்னாராம். தலைமுழுகிவிட்டேன் என்று கோபத்தில் வாயால் சொல்கிறவர்கள் நிறையப் பேர். என் அப்பா உண்மையாகவே முழுகினவர்.

ஆறு வருஷம் கழித்து அம்மா இறந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கை எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்த அன்று நான் ஒரு படத்தில் கதாநாயகியின் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்திவிட்டு மேக்கப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஆரத்தி எடுத்தேன்.

சினிமாவில் நான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. கதாநாயகியின் தோழி, பிறகு அக்கா, நடுவில் இரண்டு படங்களில் இரண்டாவது நாயகி. ஒன்று ஓடியது, ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் எனக்கு வயதாகிவிட்டது என்று எல்லோரும் ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் டிவி கைகொடுத்தது. இருபது வருஷமாக மருமகள்களைப் படுத்திக்கொண்டிருக்கிறேன். பாலில் பல்லி போட்டிருக்கிறேன், கேஸைத் திறந்து விட்டிருக்கிறேன். சேலத்தில் ஒரு துணிக்கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் முதுகில் ஓங்கி வைத்து, "அந்தப் புள்ளய ஏண்டி இந்தப் பாடு படுத்தற?" என்றாள். எனக்கு எந்த அரசாங்கமும் விருது கொடுத்ததில்லை. அந்த அடியை நான் விருதாக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவும் என் சீரியலைப் பார்த்தார். தங்கை சொல்லித்தான் தெரியும். அவள் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள்தான். மாலை ஏழரை மணிக்கு அவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். என் பெயரைச் சொல்ல மாட்டார். ஒரு நாள் பார்க்க முடியாமல் போனால் மறுநாள் தங்கையிடம், "அந்தப் பொம்பள நேத்து என்ன பண்ணுனா?" என்று கேட்பாராம். முப்பத்துநான்கு வருஷத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அந்தப் பொம்பளை என்ன பண்ணினாள் என்று அவர் கேட்டதைத் தங்கை எனக்குச் சொல்லும்போதெல்லாம் நான் போனை வைத்துவிட்டு அழுவேன்.

அந்த மாமியாரைக் கொன்றுவிடுவதென்று முடிவானது. கதையில் அவள் குலதெய்வத்தைக் கும்பிட மலைக்குப் போன இடத்தில் சாகிறாள். படப்பிடிப்பு கொல்லிமலையில், செவ்வாயும் புதனும். கதையைச் சொல்லாமல், மலைக்கு வருகிறேன் என்பதை மட்டும் தங்கையிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர், "எறங்கறப்ப வந்துட்டுப் போவட்டும்" என்றாராம். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். முப்பத்துநான்கு வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த கால்ஷீட் அது. "இப்ப எப்படி இருக்கான்னு பாக்கோணுமாம். டிவில பாக்கற மாதிரி இல்லாம ஒரு போட்டோ அனுப்புக்கா" என்றாள் தங்கை. அரிதாரம் இல்லாமல், பருத்திச் சேலையில், சிரிக்காமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அவ ஆத்தாளாட்டமே இருக்கறா" என்றாராம்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். யார் மேலும் பழி போட முடியாது. அது என் தப்பு.

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்சி. மருமகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், சுவரில் மாமியாரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்க்கிறாள், பை கைநழுவி விழுகிறது. போஸ்டர் அடிக்க ஆர்ட் டிபார்ட்மெண்ட் உதவியாளர் என்னிடம் போட்டோ கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் எட்டணா அளவு பொட்டும் ஏற்றிய புருவமுமாக முறைத்துக்கொண்டிருப்பவை. "கொஞ்சம் பாவமா இருக்கற மாதிரி ஏதாச்சும் இருக்காம்மா?" என்றார். யோசிக்காமல் அப்பாவுக்கு அனுப்பிய போட்டோவை அவருக்கும் அனுப்பினேன். அவர் கெட்டிக்காரர். எல்லாம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று அன்றைய தேதி, எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியில் நாங்கள் படப்பிடிப்புக்கு எடுத்திருந்த வீடு இருக்கும் ஊர், மறுநாள் இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம் எல்லாவற்றையும் போட்டிருந்தார். கதாபாத்திரத்தின் பெயர் அடியில் சின்னதாக இருந்தது. என் முகம்தான் போஸ்டர் முழுக்க.

செவ்வாய்க்கிழமை செம்மேட்டில் சந்தை நாள் மாதிரிக் கூட்டம். காலையிலேயே அந்தக் காட்சியை எடுத்து முடித்துவிட்டோம். மதியம் எடப்புளி நாட்டு வீட்டுக்குப் போனோம். மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒற்றை வீடு, முன்னால் பெரிய வாசல், அதைத் தாண்டி மரவள்ளிக் காடு. வீட்டுக்காரர் சம்மதித்திருந்தார். அவர் மனைவிக்கு மட்டும் மனசே இல்லை. மூங்கில் பாடையைக் கட்டி வாசலில் வைத்ததும் அவர் என்னிடம் நேராக வந்தார்.

"ஏனுங்கம்மா, நல்லா இருக்கறவங்க இதுல படுக்கலாமுங்களா?"

"பொழப்பே அதானுங்க" என்றேன்.

"படுங்க. ஆனா ஆளில்லாம இதை எங்க ஊட்டு வாசல்ல போட்டு வெக்காதீங்க. வெறும் பாடை சும்மா கெடக்காதுங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, முகமெல்லாம் மஞ்சள். நாலு மணி வரை படுத்தேன். அதற்கப்புறம் மூடுபனி இறங்கியது. மரவள்ளிக் காடு மறைந்தது, பிறகு லைட் ஸ்டாண்டு, பிறகு என் கால்மாட்டில் நின்றவர்களே மறைந்தார்கள். கூடவே மழையும். கேமராவைப் போர்வையால் மூடிவிட்டார்கள்.

பஞ்சை எடுத்துக்கொண்டே, "ஏன் தம்பி, சிரிக்க வேண்டாமா?" என்று இயக்குநரிடம் கேட்டேன். மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"நாளைக்கும் படுக்கத்தானம்மா போறீங்க. ரெண்டுக்கும் சேத்து நாளைக்கே சிரிச்சிடலாம்" என்றார்.

கேலி பேசுகிறவள் நான். அன்றைக்கு மட்டும் கேலி வரவில்லை. வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா சொன்னபடி பாடையை வாசலிலிருந்து தூக்கி மரவள்ளிக் காட்டின் வரப்பில் வைத்திருந்தார்கள். மழையில் அது தனியாகக் கிடந்தது. செம்மேடு வழியாக வரும்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் என் முகம் நாலு இடத்தில் நனைந்துகொண்டிருந்தது. "அதை ஏன்யா கிழிக்கல?" என்று கேட்டேன். "மழையில தானா ஊறி விழுந்துடும்மா" என்றார் ஆர்ட் உதவியாளர். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அது விழவில்லை.

பின்னால் நடந்ததைத் தங்கை சொல்லித்தான் கோத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்பாவின் பக்கத்துக் காட்டுக்காரர் அன்று சாயங்காலம் செம்மேட்டில் மிளகு வாங்கிக்கொண்டு லாரியில் மலை இறங்கியிருக்கிறார். அவர் சீரியல் பார்க்கிறவர் இல்லை. சுவரில் இருந்த முகம் என் அம்மாவின் முகமாக இருக்கவே நின்று பார்த்து, போனில் படம் எடுத்திருக்கிறார். புதன் விடியற்காலை அப்பாவிடம் காட்டியிருக்கிறார். சில நாளுக்கு முன்னால் அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்த அதே போட்டோ. மகள் மலைமேல் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஊர் பேர் போஸ்டரிலேயே இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? தங்கை அன்று காலை ராசிபுரம் போயிருந்தாள். எனக்கு மலைமேல் போன் எடுக்கவில்லை. அப்பா யாருக்கும் காத்திருக்கவில்லை. முள்ளுக்குறிச்சியில் கடை திறக்கச் சொல்லி ஒரு சேலை வாங்கிக்கொண்டு, மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அவள் எத்தனை வசதியாக வாழ்ந்தாலும் சரி, கேடுகெட்டுப் போனாலும் சரி, பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நான் மறுபடி படுத்தேன். இயக்குநர் என் காதருகே குனிந்து, "கேமராவ மரவள்ளிக்குள்ள தள்ளி மறைச்சு வெச்சு எல்லாத்தையும் ஒரே ஷாட்டுல எடுக்கறேம்மா. ஊர்க்காரங்க வருவாங்க, அழுவாங்க, விழுவாங்க. யாரு என்ன பண்ணாலும் நான் கட் சொல்றவரைக்கும் கண்ணத் திறக்காதீங்க" என்றார்.

எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பிணமாக நடிப்பதில் நான் கைகாரி. ஒப்பாரி உச்சத்துக்குப் போகும்போதுதான் மூச்சு விடுவேன். இமைக்குள் கருவிழியைக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டால் இமை துடிக்காது. ஈ உட்கார்ந்தால் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொள்வேன். ஒரு முறை ஏழு நிமிஷம் அசையாமல் கிடந்து கேமராமேனிடம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அந்த மலைப் பெண்கள் நன்றாகவே அழுதார்கள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக. திடீரென்று அழுகை கொஞ்சம் தணிந்தது. யாரோ வழி விடுகிற மாதிரி காலடிச் சத்தம். புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்தது. என் மார்மேல் ஒரு சேலை விழுந்தது. கோடி போடும் ஆளை இயக்குநர் எனக்குச் சொல்லாமலே ஏற்பாடு செய்திருக்கிறார், பரவாயில்லை, தம்பிக்கு விஷயம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கை என் கன்னத்தில் வந்து அமர்ந்தது. சொரசொரப்பான கை.

"நாளைக்கு வாரேன்னு சொல்லி உட்டியே சாமி" என்றது குரல். "இப்படிப் படுத்துக்கிட்டயே. எனக்குத்தான் வீம்பு. உனக்கு என்ன கண்ணு வந்துச்சு? ஒரு தடவ வந்து ஊட்டு முன்னால நின்னிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

எங்கள் வசனகர்த்தாவுக்கு இந்தப் பேச்சு எழுத வராதே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த மூச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. தங்கையிடம்கூட, பெரியவர் யாரென்று தெரியாமல் கிடந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய். அந்தக் குரலை நான் எப்படி மறப்பேன்? அது அப்பா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கண்ணைத் திறக்கவில்லை. கட் சொல்லவில்லையே, எழுந்தால் ஷாட் போய்விடுமே என்று நினைத்தேன். அதுதான் முதல் நினைப்பு. எழுந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்பது அதற்கு அடுத்தது. முப்பத்துநான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தைகள் என் முகத்துக்கு நேராக விழுந்துகொண்டிருந்தன. நான் கருவிழியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். கை கன்னத்தை விட்டு எழுந்தது. பெண்கள் மறுபடி சூழ்ந்துகொண்டு ஓங்கி அழுதார்கள்.

"கட்!" என்றார் இயக்குநர். எல்லோரும் கைதட்டினார்கள்.

எழுந்து உட்கார்ந்தேன். என் மேல் அரக்கு நிறத்தில் சிவப்புக் கரை போட்ட சேலை கிடந்தது. "யாரும்மா அந்தப் பெரியவரு? பிச்சு உதறிட்டாரு!" என்று இயக்குநர் ஓடி வந்தார். உதவியாளர் ஒருவர், "அம்மா, சிரிப்பு ஷாட், அப்படியே இருங்க" என்றார். நான் சேலையை வாரிக்கொண்டு ஓடினேன். வாசலில் வீட்டுக்கார அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். "கோடி போட்டவருங்களா? தலை முழுகோணும்னு வெரசாப் போயிட்டாருங்க. எங்க ஊட்டுக்காரருதான் பஸ்ஸுக்கு வண்டியில கூட்டிட்டுப் போனாரு. நெசமாலுமே ஒறவுங்களா அவரு?" என்றார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

வேனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போய் அரைமணி ஆகியிருந்தது. பாதி மலையில் கிழங்கு லாரி ஒன்று வளைவில் நின்றுபோய் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் காசு ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்துப் பிய்த்தேன்.

வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. நான் நினைத்து வைத்திருந்த ஆளில் பாதிதான் இருந்தார்.

"அப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் பூசிய முகம், கையில் அந்தச் சேலை. நன்றாகப் பார்த்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

என் அப்பா என்னை ஒரு நாளும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. "நான்தாம்ப்பா. சாகல. அது ஷூட்டிங். படத்துக்காகப் படுத்திருந்தேன்" என்றேன். கதறினேன் என்றே சொல்லலாம்.

"டிவில வாரவங்கதானுங்க நீங்க? தெரியுதுங்க" என்றார் நிதானமாக. "என்ற மகளும் உங்க தொழில்தானுங்க. போயிட்டா. காலையில போயிக் கோடி போட்டுட்டு வந்தனுங்க. என்ற கையால போட்டேன். மொகம் அவ ஆத்தாளாட்டமே இருந்துச்சு."

தங்கை அப்போதுதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டு அப்பாவைப் பிடித்து உலுக்கினாள், திட்டினாள், அழுதாள். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டரிடம் காட்டினோம். அதிர்ச்சி, வயதானவர், போகப்போகச் சரியாகும் என்றார். மற்ற எதிலும் அவருக்குக் குழப்பம் கிடையாது. எந்த மடைக்கு எப்போது தண்ணீர் திருப்ப வேண்டும் என்று சரியாகச் சொல்கிறார். பேரனின் பரீட்சைத் தேதி தெரிகிறது. இந்த ஒன்றில் மட்டும் சாத்திய கதவு திறக்கவில்லை. நான் சென்னைக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல். "அக்கா, அப்பன் இன்னிக்கு ஒண்ணு கேட்டாரு. செத்தவ கன்னம் சூடா இருக்குமா கண்ணுன்னாரு. நான் இருக்காதுப்பான்னேன். அப்புறம் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. நீ ஞாயித்துக்கெழம வா. மனசு எறங்கியிருக்குது."

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். சூடு ஞாபகம் இருக்கிறது அவருக்கு. அது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் இயக்குநர் போன் செய்தார். "அம்மா, அந்தப் பெரியவர் உங்க அப்பான்னு தெரிஞ்சதுக்கப்புறம் கேக்காம போட எனக்கு மனசு வரல. எடிட் பண்ணி அனுப்பியிருக்கேன். போடலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். நல்ல பையன். அவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

போனில் பார்த்தேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். சேலையைப் போடுகிறார். கையை என் கன்னத்தில் வைக்கிறார். வாய் அசைகிறது, உடம்பே குலுங்குகிறது. கீழே நான் கிடக்கிறேன். இமை துடிக்கவில்லை. தொண்டைக்குழி அசையவில்லை. என்ன நடிப்பு என்று நினைத்தேன். ஆமாம், அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னை எதைக் கொண்டு அடித்தாலும் தகும்.

"போடுங்க தம்பி" என்றேன்.

அப்பா தன்னையே டிவியில் பார்த்தால் இது ஷூட்டிங் என்று புரிந்துகொள்வார், அதற்காகத்தான் சொன்னேன் என்று தங்கையிடம் பிறகு சொன்னேன். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் நிஜக் காரணம் வேறு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நானும் என் அப்பாவும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறோம். அதை நாடே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை ஏழரைக்கு அது ஒளிபரப்பானது. பின்னணி இசையெல்லாம் சேர்த்திருந்தார்கள். அழுகை வரவழைக்கும் இசை. ஊர் ஊராகப் பெண்கள் எனக்கு போன் செய்து அழுதார்கள்.

ஞாயிறு காலை நான் போய் இறங்கியபோது தங்கை வாசலிலேயே நின்றாள். அவள் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நேத்து பாத்துட்டாருக்கா. 'பாத்தியா கண்ணு, நான் போட்டனா இல்லியா? எல்லாரும் எப்படி அழுவறாங்க பாரு. பாடையில கெடக்கறா பாரு. சூடா இருந்துச்சுன்னு நெனச்சது என்ற பெரமை' அப்படின்னாரு. அப்புறம் டிவிய அணைச்சுட்டாரு. இனிமே போடவே வேண்டாம்ன்னுட்டாரு" என்றாள். "அந்த ஒண்ண நீ ஏன்கா போட உட்ட?"

அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

சுவரில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் இருந்தது. பருத்திச் சேலை, அரிதாரமில்லாத முகம். முந்தின வாரமே பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லி ராசிபுரத்தில் கண்ணாடி போட்டு வாங்கி, மாட்டாமல் உள்ளே வைத்திருந்தாராம். சனிக்கிழமை எபிசோடு முடிந்ததும் ஆணி அடித்திருக்கிறார். புதுச் சம்பங்கி மாலை. நான் படத்தில் சிரிக்கவில்லை.

"வாங்க. உக்காருங்க" என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வந்தவள் மாதிரி நடிப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "என்ன வயசுங்க உங்க மகளுக்கு?" என்று கேட்டேன். தங்கை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஐந்து வயதில் நான் கிணற்றுப் படியில் வழுக்கியதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ராணி வேஷம் போட்டபோது நான் அவர் துண்டை முடியாகக் கட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். "ஊரை உட்டுப் போன அன்னிக்கு வேலியோரமாக் குனிஞ்சு போனா. நான் பாத்தேன். கூப்புட்டிருக்கலாம். ராசிபுரம்தான போறான்னு உட்டுட்டேன்" என்றார். அவர் பார்த்தது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். என்னைப் பற்றி அத்தனை பிரியமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு பேச்சு ஓய்ந்தது. அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டார். நான் எழுந்தேன். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. முதல் தடவை அந்த வீட்டை விட்டுப் போனபோது பயத்தில் சொல்லாமல் போனேன். இந்தத் தடவை முறைப்படி சொல்லாமல் நடந்தேன்.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று நின்றேன். துக்கம் கேட்க வந்தவளை யாரும் போயிட்டு வா என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை.